மூன்று விரல் உயரம்

என் கார் உயர்ந்துவிட்டதை வெளியாட்களில் முதலில் கவனித்தவர், ஷார்ஜாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ச்மேன். பெஷாவர் பக்கத்துக்காரர். காலையில் கார் கழுவும்போது முதுகை எப்போதும் ஒரே அளவுக்குத்தான் வளைப்பார். அன்று அதே வளைவில் கழுவிக்கொண்டிருந்தவருக்கு, பம்பரை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் காற்றைக் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கிறது.

"மேடம், காடி ஊப்பர் ஹோ கயா," என்றார். வண்டி மேலே போய்விட்டதாம்.

"ஸ்பிரிங் நயா," என்றேன், புதிது என்ற அர்த்தத்தில்.

"அச்சா," என்று சொல்லிவிட்டு, மலைக்கு எங்காவது போகிறேனா என்று கேட்டார். அவர் ஊரில் வண்டியை உயர்த்துகிறவர்கள் அதற்குத்தான் உயர்த்துவார்களாம்.

அடுத்து கவனித்தவர் மேல்மாடியில் இருக்கும் கீழக்கரை அக்கா. லிப்டுக்குக் காத்திருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஜாக்கிய எடுக்க மறந்துட்டீகளா?" என்றார்.

நான் மறக்கவில்லை. கார் அதுவரை தாழ்ந்திருந்ததைத்தான் எல்லோரும் மறந்திருந்தார்கள். நானும் சேர்த்து.

அந்தக் கார் என்னிடம் வருவதற்கு முன்னால் ஒருவர் அதில் கார் லிப்ட் ஓட்டியிருந்தார். அஜ்மானில் நான்கு பேரை ஏற்றி துபாயில் இறக்குவது, மாலையில் அதே நான்கு பேரைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. நான்கு பேருமே நல்ல உடம்புக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் இறங்கிப் போய்ப் பல வருடம் ஆன பின்னும் கார் அவர்களைச் சுமந்துகொண்டுதான் நின்றது. பின்பக்க டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. நான் அதை அந்தக் காரின் உருவம் என்றே நினைத்திருந்தேன். சிலர் பிறவியிலேயே குள்ளமில்லையா, அப்படி.

இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். இதை அறிமுகமான ஐந்து நிமிடத்துக்குள் நான் சொல்லிவிடுவதாகத் தோழிகள் குறைபட்டுக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் என்பதே நான் காட்டும் அடக்கம்.

என் படிப்பு அப்பாவின் இடது முழங்காலில் ஓடியது. அப்பா அஜ்மானில் தண்ணீர் டேங்கர் ஓட்டினார். ஷார்ஜா, துபாய் நெரிசலில் முழு டேங்கோடு நின்று நின்று நகரும் வண்டிக்கு கிளட்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்பதை ஓட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்பாவைக் கேட்டால் முழங்காலைத்தான் காட்டுவார்.

அவர் டேங்கர் ஓட்டிய கடைசி நாளில் நடந்தது இது. யார்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கப் பார்த்திருக்கிறார். டேங்கரின் கேபின் ஒரு ஆள் உயரத்தில் இருக்கும். படியில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். முழங்கால் மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டது. இரண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி இறக்கினார்கள். நல்ல மனிதர்கள்; பதமாகத்தான் இறக்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர், திருநெல்வேலிக்காரர், இறக்கும்போதே, "சோபா செட்டு எறக்குத மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டார். யார்டே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர், அஜ்மானில் அந்த டிரைவர்களோடு தங்கியிருந்த ரூமுக்குத் திரும்பப் போகவில்லை. பெட்டியை நான்தான் போய் எடுத்துவந்தேன். கம்பெனி விசாவைக் கேன்சல் செய்தது. ஊருக்கு ஒரேயடியாகக் கிளம்பும் வரை என் வீட்டில் இருந்தார்.

என் காரிலிருந்து அப்பாவை இறக்குவது அப்போது தினசரி வேலையாக இருந்தது. சீட் தரையோடு கிடக்கும். உட்காரும்போது சிரமம் இல்லை, விழுந்தால் போதும். எழும்போது முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருக்கும். நான் சுற்றி வந்து இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். கையைக் கொடுப்பதற்கு முன்னால் அப்பா பார்க்கிங் முழுவதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் சொன்னார். "போறதுக்கு முந்தி எல்லா ரூமுக்கும் போயிச் சொல்லிட்டு வரணும் ஆத்தா."

"போன்ல சொல்லலாம்லப்பா?"

"போன்ல சொல்றதுக்கு நான் என்ன பேங்க்காரனா?"

ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர் ஊர்க்காரர்கள் இருக்கும் ஒவ்வொரு ரூமாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். சொல்லாமல் போனால், ஊரில் எதிர்ப்படும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

"அஜ்மான் ரூமு கடைசியா போவோம்," என்றார் அப்பா. "அங்க மட்டும் நானா எறங்கணும். எவனும் கை குடுக்கக் கூடாது. நீயும்."

மறுநாள் சீட்டில் போட ஒரு குஷன் வாங்கிவந்தேன். "நான் என்ன புள்ளத்தாச்சியா?" என்று அதைப் பின்சீட்டுக்கு எறிந்தார். ஆபீஸ் தோழியிடம் உயரமான பெரிய கார் இருக்கிறது, ஒருநாள் கேட்டு வாங்குகிறேன் என்றேன். "எம்மக கார் வச்சிருக்கா. நான் அடுத்தவன் கார்ல போயி எறங்கவா?" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அதே வாரம் காரை வருடாந்தர சோதனைக்குக் கொண்டுபோனேன். இங்கே அதற்குப் பாஸிங் என்று பெயர். என் கார் பாஸாகவில்லை. நான்கு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் ஒழுகுகிறது, மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையில் நான் சம்பந்தப்பட்ட ஒன்று பரீட்சையில் தோற்றது அதுதான் முதல் தடவை. ஆனாலும் வருத்தப்படவில்லை. ஷாக்கை மாற்றும்போதே ஸ்பிரிங்கையும் மாற்றினால் கார் எழுந்து நிற்கும். கார் எழுந்தால் அப்பாவும் எழுந்துவிடுவார்.

ஷார்ஜா தொழில்பேட்டையை எல்லோரும் சனையா என்பார்கள். அங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் பட்டுக்கோட்டைக்காரர். நான்கு ஷாக், நான்கு ஸ்பிரிங், பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். போய்ப் பார்த்தபோது கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, யாரையோ கும்பிடக் குனிந்தது போல நின்றது.

"பின்னாடி ரொம்பத் தூக்கி இருக்கே," என்றேன்.

"ஓட ஓட உக்காந்துரும் மேடம். புது ஸ்பிரிங்கு புது மாப்பிள்ள மாதிரி. கொஞ்ச நாளைக்கு நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் நிப்பான்."

டயருக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் காரில் உட்காரவைத்தேன். கதவைத் திறந்தார், காலை வெளியே போட்டார், எழுந்து நின்றார். அவ்வளவுதான். யாரும் இழுக்கவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டேங்கரைத் தட்டுவது போல மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இப்பத்தான் இது வண்டி," என்றார்.

அன்று சாயங்காலம் காரணம் எதுவும் இல்லாமல் பல தடவை கீழே இறங்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரில் உட்காருவார், இறங்குவார். வாட்ச்மேன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் பின்னாலிருந்து பழைய கதவு திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. சத்தம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் காரின் சர்வீஸ் மானுவலைத் தேடி எடுத்துப் படித்தேன். காரணம் அதிலேயே இருந்தது.

அந்த ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை முடுக்கும்போது கார் தன் நான்கு சக்கரத்தில், தன் எடையோடு நிற்க வேண்டும். லிப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், தொங்குவதுதான் தன் இயல்பு என்று ரப்பர் எடுத்துக்கொள்ளும். பிறகு காரைத் தரையில் இறக்கினாலும் அது முறுக்கிக்கொண்டு காரை மேலே தள்ளும். சத்தம் போடும், சீக்கிரமே கிழியும். என் காரின் மூன்று விரல் உயரத்தில் கொஞ்சம் ஸ்பிரிங்குடையது. மீதி, தப்பாக முடுக்கிய போல்ட்டுடையது.

மானுவலை போனில் எடுத்துக்கொண்டு சனையாவுக்குப் போனேன். மெக்கானிக் படித்துப் பார்த்தார், அதாவது படத்தைப் பார்த்தார்.

"நான் வந்த நாள்லேர்ந்து லிப்டுல வச்சுத்தான் முடுக்குறேன் மேடம். ஒருத்தனும் வந்து கேட்டதில்ல."

"நான் வந்திருக்கேன்ல."

"புக்கு எழுதுனவன் சனையாவுல வேல பாத்தானா?"

"இந்தக் கார அவன்தான் செஞ்சான்."

அதற்கு அவர் டீ வரவழைத்தார். டீயைக் குடித்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து போகப் போவதில்லை என்பது புரிய அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, காரைச் சக்கரத்தில் நிறுத்தி, நான்கைந்து முறை அமுக்கி விட்டு, கீழே படுத்து முடுக்கினார். சத்தம் நின்றது. பின்பக்கம் ஒரு விரல் இறங்கியது. இரண்டு விரல் மிச்சம். தொழிற்சாலையில் அந்தக் கார் நின்ற உயரம் அதுதான்.

"இப்ப ஒரு விரல் எறங்கிருச்சு. சந்தோஷமா மேடம்?" என்றார்.

சந்தோஷம்தான். சனையாவில் என் பேச்சு எடுபட்டிருக்கிறது. வழியெல்லாம் ஸ்பீட் பிரேக்கரைத் தேடித் தேடி ஏற்றினேன்.

அப்பா அன்று மாலை காரில் உட்கார்ந்து காலை வெளியே போட்டு எழுந்தபோது பாதியில் நின்றார். கை தானாகப் போய்க் கதவைப் பிடித்தது. ஒரு மூச்சு விட்டு, பல்லைக் கடித்து, எழுந்துவிட்டார்.

"எறக்கிட்டியா?"

"சரி பண்ணுனேம்ப்பா."

"நல்லா இருந்தத எதுக்குச் சரி பண்ணுன?"

"அது தப்பான ஒசரம்ப்பா."

"தப்பான ஒசரத்துல நான் எறங்குனேனே ஆத்தா."

மானுவலில் இதற்குப் பக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பெரும்பாலான சைட்டுகளுக்கு அன்று லீவு. ரூமில் ஆள் இருக்கும். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முன்சீட்டை முடிந்த மட்டும் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். கிளம்புமுன் நான் பின்பக்க டயருக்கு மேல் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு.

முதலில் துபாய் கராமா. பழைய கட்டடத்தில், அடுக்குக் கட்டில் போட்ட ரூம். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், பாதிப் பேர் ஹோட்டலில் வேலை, பாதிப் பேர் கடையில். கார் நின்றதும், நான் என் கதவைத் திறக்கும் முன்பே அப்பா இறங்கிவிட்டார். நான் சுற்றி வந்து பக்கத்தில் நிற்பதையே அவர் விரும்பவில்லை. கதவைப் பிடித்து ஒரே தள்ளு.

வாசலில் நின்றவர், முறைக்கு மாப்பிள்ளை ஆகவேண்டியவர், கையைக் கட்டிக்கொண்டு வணங்கினார். "என்ன மாமா, மக வண்டி ஓட்ட நீங்க முன்னாடி அர்பாப் மாதிரி உக்காந்து வர்றீக!"

அர்பாப் என்றால் இங்கே முதலாளி. அப்பாவுக்கு முகம் நிறைந்துவிட்டது.

பிரியாணி சாப்பிட்டோம். எழும்போது அந்த மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "மாமா, ஒரு சின்ன பார்சலு."

நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவரிடம் வீட்டுக்கு ஏதாவது கொடுத்துவிடுவார்கள். போகிறவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அப்பாவும் இத்தனை வருடமாக யார் யார் கையிலோ எனக்குப் பேனாவும் சாக்லேட்டும் கொடுத்துவிட்டவர்தான். கையில் கொண்டுபோக முடியாததைக் கார்கோவில் போட்டுவிடலாம் என்பதால் எடைக்கும் வரம்பு கிடையாது. இங்கே 'சின்ன' என்ற சொல்லுக்கு அளவோடு சம்பந்தமில்லை.

சின்ன பார்சல் ஒரு கிரைண்டர். கோயம்புத்தூரில் செய்து, கப்பலில் ஏறி, கராமா கடைக்கு வந்து, இப்போது சிவகங்கைக்குப் போகக் காத்திருக்கும் கிரைண்டர். கல்லோடு. அதற்குத் துணையாகப் பால் பவுடர் டப்பாக்கள், பேரீச்சம்பழம், ஒரு பெட்டி சோப்பு.

"ஊர்ல கிரைண்டர் கெடைக்காதா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும்மா. ஆனா துபாய்ல இருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதுல்ல," என்றார்.

டிக்கியை மூடிவிட்டு டயருக்கு மேல் விரலை வைத்தேன். ஒன்றரை.

"என்னாத்தா, டயருக்கு நாடி புடிச்சுப் பாக்குற?" என்றார் அப்பா.

அடுத்து சத்வா. அங்கே இருந்தவர்கள் பிளம்பர்கள். கார் நின்றதும் அப்பா கதவைத் திறந்தார், எழுந்தார், பாதியில் நின்று திரும்ப உட்கார்ந்தார். இரண்டாவது தடவையில் எழுந்துவிட்டார். நான் ஒன்றும் பார்க்காதது போல போனைப் பார்த்தேன். அங்கே இரண்டு கம்பளி, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஊரில் கடை போடப் போகிற அண்ணனுக்கென்று ஒரு டூல் பாக்ஸ். டூல் பாக்ஸை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள்.

"போதும்ப்பா. டிக்கியில எடமில்ல," என்றேன் காதோடு.

"பின்சீட்டு இருக்குல்ல."

"எடம் மட்டும் இல்லப்பா. எடை. ஏத்த ஏத்த வண்டி எறங்குது."

"எனக்கே லோடு சொல்லித் தர்றியா?" என்றார். "வேணாம்னு சொன்னா அவன் என்ன நெனைப்பான்? போகும்போது மொகத்தக் காட்டிட்டுப் போயிட்டான்ம்பான்."

ஏற்றினோம். ஒரு விரல்.

அல் கூஸில் தொழிலாளர் கேம்ப். வெளி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கேட்டுக்கு வெளியே பையன்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் எங்கள் கிராமத்துச் சொந்தக்காரர்கள். ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். அப்பா காலை வெளியே போட்டார். எழுந்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஏசி நல்லா இருக்கு. செத்த உக்காந்துட்டு வர்றேன்," என்றார்.

மாசி மாதம். வெளியே காற்று ஏசியைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. ஒருவர் "சித்தப்பு" என்று கையை நீட்டினார், வணக்கம் சொல்லிக் கை குலுக்குவது போல. அப்பா அந்தக் கையைப் பிடித்தார். கை குலுக்கியது கொஞ்ச நேரம் நீடித்தது. முடிந்தபோது அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அங்கே கொடுத்தது ஒரே ஒரு பொருள்தான். போலீஸ் தேர்வுக்கு உடம்பைத் தயார் செய்யும் தம்பிக்கு, அண்ணன் ஒருவர் வாங்கி வைத்திருந்த இரும்பு டம்பெல்ஸ், ஒரு ஜோடி. பின்சீட்டில் கம்பளிக்கு மேல் குஷன், குஷனுக்கு மேல் டம்பெல்ஸ். டயருக்கு மேல் விரலை வைத்தேன். நுழையவில்லை. கார் லிப்டின் நான்கு பேரும் திரும்ப வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

அஜ்மான் ரோட்டில் ஏறினோம். ஷார்ஜாவுக்குப் பிரியும் இடம் வந்தபோது, "ஆத்தா, வீட்டுக்குத் திருப்பு," என்றார்.

"அஜ்மான் ரூமு?"

"போன்ல சொல்லிக்கிறேன்."

நான் திருப்பவில்லை.

"திருப்புங்கிறேன்ல."

"கார்ட்டன் கட்டணும்ப்பா. அங்கதான் கட்டுவாங்க."

அது பொய்யில்லை. அந்த டிரைவர் ரூம் கார்ட்டன் கட்டுவதற்குப் பேர்போனது. அட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் பின்னி, மார்க்கரில் பேர் எழுதிவிட்டால் கடல் தாண்டினாலும் அவிழாது. கார்கோ வண்டியும் அவர்கள் வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு போகும். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். கடினமான கணக்கில்லை. ஏற்றினால் இறங்கும், இறக்கினால் ஏறும். இரண்டு விரல் வரைக்கும் எனக்குத் தெரிந்த வழி இருந்தது. நான் சரி செய்து தொலைத்த அந்த மூன்றாவது விரலுக்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

ரூம் வாசலில் ஐந்தாறு டிரைவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர் நடுவில். நான் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் கொண்டுபோய், டிக்கி அவர்களைப் பார்க்கும்படி நிறுத்தினேன். அப்பாவின் கை கதவுக்குப் போனது.

"இருங்கப்பா, முதல்ல லோடு எறங்கட்டும்," என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். கை கதவிலிருந்து மடிக்கு வந்தது. லோடு இறக்கும்வரை டிரைவர் சீட்டில் இருப்பது அவர்கள் தொழிலில் வழக்கம்தான்.

ஜன்னலை இறக்கினேன். "மாமா, கார்ட்டன் கட்டணும். சாமானெல்லாம் எறக்கிருங்க."

"என்ன அண்ணாச்சி, எறங்காம உக்காந்திருக்கிய? அர்பாப் ஆயிட்டியளோ?" என்றார் திருநெல்வேலிக்காரர்.

"ஆமா. யல்லா, வெரசா எறக்குங்க," என்றார் அப்பா முன்னால் பார்த்தபடியே.

டூல் பாக்ஸ் இறங்கியது. கிரைண்டர் இறங்கும்போது கார் ஒரு மூச்சு விட்டது போல எழுந்தது. கல்லைத் தூக்கியவர் கோயம்புத்தூரை வைதார். டம்பெல்ஸைப் பார்த்ததும் ஒருவர் அங்கேயே நின்று தூக்கிக் காட்ட ஆரம்பித்தார். கம்பளி, பால் பவுடர், சோப்பு எல்லாம் இறங்கின.

"கலாஸ், முடிஞ்சிருச்சு," என்று டிக்கியை மூடப் போனார்கள்.

"ஸ்டெப்னியையும் எடுங்க," என்றேன்.

"ஸ்டெப்னி எதுக்கும்மா?"

"பாஸிங்குக்குக் காட்டணும். தொடச்சு வைக்கணும். ஜாக்கியையும் எடுத்துருங்க."

எடுத்தார்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று ஒருவர் அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். இருக்கிறது என்றும் இல்லை என்றும் இரண்டு கட்சி ஆனது.

காரில் மிச்சம் இருந்த எடை இரண்டுதான். ஒன்று அப்பா. இன்னொன்று நான். காலையிலிருந்து ஒவ்வொரு ரூமிலும், நான் என் சீட்டில் இருக்கும்போதே அப்பா எழப் பார்த்திருக்கிறார், என் கைக்குப் பயந்து.

கதவைத் திறந்து இறங்கினேன். அவர் பக்கம் போகவில்லை. பின்னால் போய் ஸ்டெப்னிக் கூட்டத்தோடு நின்றுகொண்டேன். காருக்கு முதுகைக் காட்டி நின்றேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தூக்கியிருந்த டிக்கிக் கண்ணாடியில் முன்பக்கம் கொஞ்சம் தெரிந்தது.

அப்பா கதவைத் திறந்தார். காலை வெளியே போட்டார். கதவைப் பிடிக்கவில்லை. எழுந்தார். நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

யாரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஸ்டெப்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அவர்களைப் பார்த்தார். பிறகு திரும்பவும் காரில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, என் சீட்டுப் பக்கம் சாய்ந்து ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். டேங்கர் ஹாரனை அழுத்திப் பழகிய கை. தெருவே திரும்பியது.

எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கதவைத் திறந்து, இறங்கி நின்றார்.

"ஏ, அண்ணாச்சி!" என்று திருநெல்வேலிக்காரர் ஓடிவந்தார். "முட்டி சரியாப் போச்சா?"

"முட்டி கெடக்குது முட்டி," என்றார் அப்பா. மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "வண்டி அப்பிடி. எம்மக போல்ட்டுல இருந்து பாத்துப் பாத்து முடுக்குனது."

டிரைவர்கள் குனிந்து போல்ட்டைப் பார்த்தார்கள். நான் அந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். முடுக்கியது பட்டுக்கோட்டைக்காரர் என்று சொல்ல அப்போது சந்தர்ப்பம் அமையவில்லை.

டீ வந்தது. கார்ட்டன் கட்டினார்கள். அப்பா நடுவில் உட்கார்ந்து எந்தக் கயிறு எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அவர் சொன்னதைக் கேட்காமல் சரியாகக் கட்டினார்கள். கிளம்பும்போது திருநெல்வேலிக்காரர் அழுதார். அப்பா, "சோபா செட்டுக்கு யாராச்சும் அழுவாகளா?" என்றார். அதற்கு அவர் இன்னும் கொஞ்சம் அழுதார்.

கார்கோ சாமான் எல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மட்டும் திரும்ப உள்ளே வைத்தோம். வரும் வழியில் கார் லேசாக ஓடியது. ஸ்பீட் பிரேக்கரில் சத்தம் இல்லை.

"ஆத்தா," என்றார் அப்பா. "நானும் எத்தனையோ பாஸிங் போயிருக்கேன். ஸ்டெப்னியத் தொடச்சுக் காட்டச் சொல்லி எவனும் கேட்டதில்லையே."

"இப்ப ரூல் மாறிருச்சுப்பா."

"அப்பிடியா," என்றார். பின்சீட்டிலிருந்த குஷனைக் கையை நீட்டி எடுத்து, முதுகுக்கு வைத்துக்கொண்டார்.

எங்கள் கட்டடத்துக்கு வந்தபோது வாட்ச்மேன் தொழுகைக்குப் போயிருந்தார். பார்க்கிங்கில் ஆள் இல்லை. காலி வண்டி, இரண்டு விரல் உயரம். நான் என் பக்கம் இறங்கிச் சுற்றி வந்தேன். அப்பா பார்க்கிங் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். காலை வெளியே போட்டார். பிறகு இரண்டு கையையும் என்னிடம் நீட்டினார்.